முழங்கால் வரை குளிர்காலம்

எங்கள் ஊரில் குளிர்காலம் முழங்கால் வரைதான் வரும். அதற்கு மேலே கோடை. ஐப்பசி பிறந்ததும் அது மலைச்சரிவிலிருந்து இறங்கி, காய்கறி மண்டி வழியாக ஊருக்குள் நுழைந்து, எல்லார் வீட்டிலும் தரையோடு தரையாகப் பரவிக்கொள்ளும். சிவராத்திரிக்கு மறுநாள் காலை மலைப்பாதை வழியாகச் சமவெளிக்குப் போய்விடும். அதுவரை நாங்கள் காலுக்குக் கம்பளி உறையும் மேலுக்கு முண்டா பனியனுமாக நடமாடுவோம். கை வைத்த ஸ்வெட்டரை எங்கள் ஊரில் யாரும் வாங்குவதில்லை.

நான் மின்விசிறிக் கடை வைத்திருக்கிறேன். கீழே குளிர் வந்து அடைத்துக்கொள்வதால் கோடைக்கு இடம் பற்றாமல் மேலே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே மார்கழியில்தான் எனக்கு நல்ல வியாபாரம். குளிரால் பிழைக்கிறவன் குளிரைத் திட்டக் கூடாது என்று கடைத்தெருவில் என்னைக் கேலி செய்வார்கள். நான் திட்டியதே இல்லை, போன கார்த்திகை வரை.

குளிர் வருவதற்கு முன்னால் ஊரில் எல்லாரும் செங்கல் வாங்குவார்கள். எது தங்களுக்கு முக்கியமோ அதைச் செங்கல் மேல் ஏற்றி வைப்பது எங்கள் வழக்கம். கட்டில், ஃப்ரிட்ஜ், கோழிக்கூண்டு, சாமி படங்கள் வைத்த மேசை எல்லாம் செங்கல் மேல்தான் இருக்கும். விருந்துக்கு வந்த மாப்பிள்ளையின் நாற்காலிக்குச் செங்கல் வைக்க மறந்த வீட்டைப் பற்றி ஊர் பல வருடம் பேசியது. அந்த மாப்பிள்ளை அதற்குப் பிறகு மாமனார் வீட்டுப் பக்கமே வரவில்லை.

சிலர் குளிருக்குள் இறங்கிவிடுவார்கள். எவ்வளவு செங்கல் வைத்தாலும் அது நடக்கும். என் மனைவி அமிர்தவேணி கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம், கழன்று விழுந்த கம்மல் திருகாணியைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். குனிந்தவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் படுத்தாள். நான் மேலே நின்று கூப்பிட்டேன். கோடையில் பேசுகிற பேச்சு குளிருக்குள் இறங்காது, மேலேயே மிதக்கும். சாயங்காலம் அவளே கை நீட்டிப் பாயையும் தலையணையையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தூக்கி நிறுத்திவிடக் கூடாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தில் கொதிக்கிற ரசத்தை ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். தலையணையை ஒவ்வொன்றாக அடுக்கி உயர்த்தினாலும் பலனில்லை. அசையாத உடம்பு காலையில் பழையபடி அடியில் படிந்துவிடும், டிகாக்‌ஷன் பாத்திரத்தில் தூள் படிவது மாதிரி.

அவளோடு பேச வேண்டுமென்றால் நான் குனிந்து தலையைக் குளிருக்குள் விட வேண்டும். தலையை மட்டும் விடலாம், ஆபத்தில்லை. முழு உடம்பையும் கிடத்தினால்தான் பிடித்துக்கொள்ளும்.

"எந்திரிச்சு வா, வேணி" என்றேன்.

"வர்றேனுங்க. இங்க நல்லாத்தான் இருக்குது. நீங்க சாப்புட்டீங்களா?"

தினமும் இதையேதான் சொன்னாள். தினமும் நான் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

இறங்கியவர்கள் சிவராத்திரிக்குள் மேலே வந்துவிட வேண்டும். வராவிட்டால் குளிர்காலம் கிளம்பும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விடும். போன வருடம் தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் விற்கும் அம்மாள் அப்படித்தான் போனார். அவருடைய வீட்டார் வாசலில் கிடந்த செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். என்னால் அப்படி எடுத்து வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் அவள் இல்லாத வீட்டில் எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்றுகூட எனக்குத் தெரியாது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து, தரை வரை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஓட்டத்துல வச்சாத்தான் மேல வருவாங்க. தெனமும் வண்டியில கூட்டிட்டுப் போங்க. ஆனா சீட்டு தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல இருக்கக் கூடாது."

"ஆட்டோவுல முடியுமா?"

"அதோட சீட்டு கோடையிலதான இருக்குது."

ஜீப்பும் அப்படித்தான், ஆம்புலன்ஸும் அப்படித்தான். எங்கள் ஊரில் அவ்வளவு தாழ்வான வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எஸ்டேட் முதலாளியின் மகன் வைத்திருந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு நிறம். அவரிடம் போய்க் கேட்டேன். அவருக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை, மாடி வேண்டியிருந்தது. என் வீட்டு மாடியைக் கழற்றி அவர் வீட்டின் மேல் வைத்துக் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். வேணி ஏற முடியாத மாடி எனக்கு எதற்கு?

கடைத்தெருவில் எனக்கு ரேஸ் ஆசை வந்துவிட்டதாகச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உறைபனியில் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். முதல் கியரில் எடுத்தால் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும், இரண்டாவதில் மெல்ல எடுக்க வேண்டும். பிரேக்கை நம்பக் கூடாது, கியரைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பினால் வண்டி நேரே போய்விடும், திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே நினைக்க ஆரம்பித்துவிட வேண்டும். வேகத்தடையில் குறுக்காகத்தான் ஏறி இறங்க முடியும். பானெட்டின் மேல் தோசை சுடலாம், ஆனால் அடியில் எஞ்சின் ஆயில் விறைத்துக் கிடக்கும். ஆகவே காலையில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி நகரும் வரை காத்திருப்பேன்.

ஓட்டுவதைவிடப் பாதுகாப்பது பெரும்பாடு. பனி உருகட்டும் என்று நகராட்சி சாலையில் உப்புத் தூவும். உப்பு அடிப்பாகத்தைத் தின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்ததும் வெதுவெதுப்பான நீரால் கீழே கழுவினேன். அங்கே துருப்பிடிக்காமல் கறுப்பு மெழுகு பூசினேன். குளிருக்கென்று செய்த மெத்தென்ற டயர்களை வரவழைத்து மாட்டினேன். கதவு ரப்பருக்குக் கிளிசரின் தடவினேன், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு கிழியும். ரேடியேட்டர் நீரில் உறையாத திரவத்தைக் கலந்தேன். வண்டிக்குக் காற்றுப் போகிற துணியில் போர்வை தைத்துப் போட்டேன். எனக்கு அந்த வண்டி மேல் ஒரு பிரியமும் இல்லை. ஆனாலும் அதற்கு ஒரு சளி பிடித்தால் என் வீட்டில் ஒரு உயிர் போய்விடும் என்கிற பயத்தோடு அதைத் துடைத்தேன்.

வண்டியை வாசலை ஒட்டி நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால், பாயிலிருந்து அவள் அப்படியே இருக்கைக்கு உருண்டுவிடலாம். இருக்கையின் முதுகைக் கிட்டத்தட்டப் படுக்கையாகச் சாய்த்து வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு கைப்பிடி உண்டு. அதை இழுத்தால் முதுகு ஒரு பல் மேலே வரும். அவசரப்படாமல், உடம்பு ஒத்துக்கொண்ட பிறகே அடுத்த பல் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மார்கழி நடுவில் ஒரு நாள் அவளுடைய நெற்றி கோடைக்குள் வந்தது. அதில் வியர்த்தது. சில நாள் கழித்துக் கண்கள் வந்தன, பிறகு காதுகள்.

"ஏங்க, இவ்வளவு வெக்கையாவா இருக்குது மேல?" என்று கேட்டாள். குனியாமல், தலையை உள்ளே விடாமல், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடியே அந்தக் குரலைக் கேட்டேன். அழுதேன். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்ததில் வண்டி மெல்ல வழுக்கி ஒரு முள்ளங்கி வண்டியை இடிக்கப் பார்த்தது.

தையில் அவள் கழுத்து வரை வந்துவிட்டாள். வழியில் தென்படுவதைப் பற்றியெல்லாம் பேசினாள். பேருந்து நிலையத்துப் பேக்கரியை எப்போது மூடினார்கள் என்று கேட்டாள். அதற்குப் பதில் தெரியாமல் நான் விழித்தபோது, கடைவீதியிலேயே கடை வைத்துக்கொண்டு இதுகூடத் தெரியாதா என்று கோபித்துக்கொண்டாள். காலையில் நான் எழுவதற்கு முன்பே அவளாகவே தவழ்ந்து வாசலுக்கு வந்து, விரலால் வண்டிக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். முதுகு நிமிர இன்னும் இரண்டு பல்தான் பாக்கி இருந்தது. சிவராத்திரிக்கு நாளும் இருந்தது. நான் கடையில் பாட்டுப் போட ஆரம்பித்திருந்தேன்.

அப்போதுதான் பாட்டரி செத்தது. குளிரில் அப்படி ஆகும், யார் குற்றமும் இல்லை. அந்த வண்டிக்குப் பொருந்துகிற பாட்டரி சமவெளியில்தான் கிடைக்கும். வேணியின் தம்பி குழந்தைவேலை வரச் சொன்னேன். அவன் கட்டட மேஸ்திரி. அக்கா மேல் உயிரையே வைத்திருப்பவன். அவள் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று பள்ளிக்கூடத்தில் அடம்பிடித்தவனாம். அவள் குளிருக்குள் இறங்கிய பிறகு பார்க்க வரும்போதெல்லாம் நிமிர்ந்து நின்று அழுதுவிட்டுப் போவான்.

"மாப்ளே, நான் போயிட்டு வந்துடறேன். வண்டியைப் பத்திரமாப் பாத்துக்க. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அக்கா இல்லை" என்றேன்.

"நீங்க கவலையே படாதீங்க மாமா. என் கண்ணு மாதிரி பாத்துக்கறேன்" என்றான்.

பாட்டரியைத் தூக்கிக்கொண்டு திரும்புகையில் மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்துகள் நின்றுவிட்டன. பாட்டரியை மடியில் வைத்துக்கொண்டு அடிவாரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் பல நாள் கிடந்தேன். பாதை திறந்து நான் வீடு வந்து சேர்ந்தபோது குழந்தைவேல் வாசலில் கைகட்டி நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

வண்டி செங்கல் மேல் இருந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் தூண் மாதிரி கட்டி, லெவல் பார்த்து, சிமென்ட் வைத்துப் பூசியிருந்தான். டயர்கள் முழங்காலுக்கு மேலே தொங்கின. வண்டி மொத்தமும் கோடையில் இருந்தது.

"ரெண்டு நாள் தண்ணி ஊத்தி ஆற வச்சிருக்கேன் மாமா. இனி யானை வந்து இடிச்சாலும் அசையாது."

எங்கள் ஊரில் பிறந்தவன் வேறு என்ன செய்வான்? முக்கியமான பொருளைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன், வைத்தான். அவனைத் திட்ட வாய் திறந்தேன். அவன் கையெல்லாம் சிமென்டில் வெடித்திருந்தது.

"அக்கா எங்கடா?"

"வண்டிக்குக் கீழதான் படுத்துருக்குது. காலையில காலையில தவழ்ந்து வந்து அங்கயே பூந்துக்குது. நெழலாத்தானே இருக்குதுன்னு ஒரு கம்பளிய உள்ள தள்ளி விட்டேன்."

நான் குனிந்து தலையைக் குளிருக்குள் விட்டேன். நான்கு தூண்களுக்கு நடுவில் வேணி மல்லாந்து படுத்திருந்தாள். ஓட்டமில்லாத நாட்களில் மறுபடி அடியோடு படிந்துவிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கோபமாகத் தலையைத் திருப்பினாள்.

"எங்கீங்க போனீங்க? வண்டி இன்னும் வரவே இல்லையே."

"வண்டி உன் தலைக்கு மேலதான் இருக்குது வேணி."

அவள் மேலே பார்த்தாள். நான் பூசிய கறுப்பு மெழுகை வெகுநேரம் பார்த்தாள்.

"மேல வானம்தாங்க இருக்குது. மழை வர்ற மாதிரி கறுத்துக் கெடக்குது. வண்டி வந்தாச் சொல்லுங்க, நான் இங்கயே இருக்கேன்."

"நீ வெளிய வந்தாத்தான் வண்டிய எறக்க முடியும்."

"வண்டி வந்தாத்தானே நான் வெளிய வர முடியும்?" என்றாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகத்தான் சொன்னாள். அவள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

குழந்தைவேல் விஷயத்தைப் புரிந்துகொண்டபோது தலையில் அடித்துக்கொண்டான். சுத்தியலும் உளியும் எடுத்து வந்து முதல் தூணில் ஒரு அடி வைத்தான். சிமென்ட் சில் தெறித்து அவளுடைய கன்னத்தில் பட்டது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டான். தூணை உடைத்தால் வண்டி அவள் மேல் இறங்கும். ஜாக்கி வைக்கலாமென்றால் அவள் படுத்திருக்கிற இடத்தில்தான் வைக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். அவள் தூணைக் கட்டிக்கொண்டு, வண்டி வருகிற நேரத்தில் இடத்தை விடச் சொல்கிறீர்களே என்று அழுதாள். தம்பியின் வேலை உறுதியான வேலை, தூண் அசையவே இல்லை.

டாக்டரம்மா வந்து குனிந்து பார்த்துவிட்டு, இந்த நிலையில் இழுக்கக் கூடாது என்றார். கம்பளியைக் கழுத்து வரை போர்த்திவிடச் சொன்னார்.

மிச்சமிருந்த நாட்களில் நான் கடைக்குப் போகவில்லை. வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். நானும் அவள் பக்கத்தில் படுத்துவிடலாம் என்று தோன்றாமலில்லை. அதைச் சொன்னபோது, அப்புறம் யார் வண்டி ஓட்டுவது என்று கேட்டாள். அதுவும் நியாயமாகவே இருந்தது. புது பாட்டரியை மாட்டினேன். டயர்களுக்குக் காற்று அடித்தேன். கிளிசரின் தடவினேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

சிவராத்திரிக்கு மறுநாள் காலை, வாளியைக் கவிழ்த்தது போன்ற சத்தத்தோடு குளிர்காலம் கிளம்பியது. முழங்காலில் இருந்தது கணுக்காலுக்கு இறங்கியது. தெருவில் எல்லாரும் கட்டில்களுக்கு அடியிலிருந்து செங்கலை உருவி அடுக்க ஆரம்பித்தார்கள். நிழல் என்பதால் எங்கள் வண்டிக்கு அடியில் மட்டும் குளிர் கொஞ்சம் தாமதித்தது. நான் கன்னத்தைத் தரையில் வைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வண்டி வந்துருச்சாங்க?"

"வந்துக்கிட்டே இருக்குது."

"பசிக்குமுன்னு தெரிஞ்சிருந்தா பொட்டணம் கட்டிட்டு வந்திருப்பேன்" என்றாள்.

குளிர் என் விரல்களுக்குக் கீழே இறங்கியது. பிடித்த கை பிடித்தபடியே இருந்தது, அதற்குள் அவள் கை இல்லை. வாசல் ஈரமாக இருந்தது. ஈரம் கேட்டைத் தாண்டி, மலைப்பாதை இருக்கிற பக்கமாகப் போயிருந்தது. குழந்தைவேல் தெருவில் நின்று அக்கா அக்கா என்று கத்தினான். கோடையில் நின்று கத்தினால் எங்கே கேட்கப்போகிறது?

நான் எழுந்தேன். செங்கல் தூணில் கால் வைத்து ஏறி வண்டிக்குள் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது, நல்ல பாட்டரி. ஊசி நகரும் வரை காத்திருந்தேன். பிறகு இரண்டாவது கியரில் மெல்ல எடுத்தேன். சக்கரங்கள் காற்றில் சுற்ற ஆரம்பித்தன. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தைவேல், மூச்சு வாங்கிக்கொண்டு பின்தங்கிப் போனான்.

முதல் கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. எதிரே எங்கள் வீட்டுக் கிணற்றடியும் முருங்கை மரமும் இருந்தன. ஒவ்வொரு வளைவுக்கும் முன்கூட்டியே நினைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். பாதி மலை இறங்கியதும் காது அடைத்துத் திறந்தது. முருங்கை மரத்தடியில் வெயில் சமவெளி வெயிலாக ஏறியது. வேகமாகப் போனால் பிடித்துவிடலாம், வேகமாகப் போனால் வழுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் போனேன். வாய்விட்டு அழுதுகொண்டேதான் ஓட்டினேன், யாரும் பார்க்கவில்லை.

அடிவாரத்துச் சோதனைச் சாவடிக்காரர் எங்கள் முற்றத்தில் இறங்கி வந்து கை காட்டினார். நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"பிளாஸ்டிக் பாட்டில் ஏதாச்சும் இருக்குங்களா?"

"இல்லை. குளிர்காலம் இந்தப் பக்கம் போயிடுச்சா?"

"இப்பத்தான் போச்சுங்க சார். மெதுவாப் போங்க, ரோடு ஈரமா இருக்குது. எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்."

அவர் குனிந்து இடது பக்க இருக்கையைப் பார்த்தார். நோட்டமாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மாவ பெல்ட் போட்டுக்கச் சொல்லுங்க."

நான் சாய்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முற்றத்தில் கட்டியிருந்த துணிக்கொடியை, காயப் போட்ட துணிகளோடு ஒரு கையால் உயர்த்திப் பிடித்தார். நான் இரண்டாவது கியரிலேயே அதன் அடியில் போனேன்.